குறுஞ்செய்திகளை அழித்தும் போனில் இடம் கிடைக்கவில்லையா? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கம்

'ஸ்டோரேஜ் நிறைந்துவிட்டது' என்ற அறிவிப்பு வந்ததும் பலர் முதலில் கைவைப்பது குறுஞ்செய்திகளில்தான். வங்கி, கேஸ் சிலிண்டர், ரீசார்ஜ் நினைவூட்டல், துணிக்கடைத் தள்ளுபடி என்று படிக்காமலே விட்டவை ஆயிரக்கணக்கில் குவிந்து கிடப்பது கண்ணுக்குத் தெரிகிறது அல்லவா? ஆனால் அரைநாள் உட்கார்ந்து அத்தனையையும் அழித்துவிட்டுப் பார்த்தால் ஸ்டோரேஜ் கணக்கு இம்மியும் அசைந்திருக்காது.

ஆங்கிலக் குறுஞ்செய்தி ஒன்றின் உச்ச அளவு 160 எழுத்து. பைட் கணக்கில் அது 140. தமிழில் எழுதினால் அதே 140 பைட்டுக்குள் 70 குறியீடுகள்தான் அடங்கும். புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனியாக இடம் பிடிப்பதால் அதற்கும் குறைவான எழுத்துகளிலேயே ஒரு செய்தி முடிந்துவிடும். அனுப்பியவர் எண், நேரம், படித்ததா இல்லையா என்ற துணை விவரங்களையும் சேர்த்து ஒரு செய்திக்கு 1 கேபி என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 10,000 செய்திகளுக்கு 10 எம்பி வருகிறது. போன் கேமராவில் எடுக்கும் படம் ஒன்றே 3, 4 எம்பி இருக்கும். ஆக, மங்கலாக விழுந்த மூன்று படங்களை நீக்கினால் அதே இடம் கிடைத்துவிடும்.

செய்திகளின் பெயரில் ஜிபி கணக்கில் இடத்தை விழுங்குபவை வேறு: செய்தியோடு ஒட்டி வந்த படம், வீடியோ, குரல்பதிவு, அவற்றின் நகல்கள், காப்பு நகல்கள், நீக்கிய பிறகும் குப்பைத்தொட்டியில் கிடப்பவை. எது உங்கள் போனில் நடந்திருக்கிறது என்பதை அறிகுறியை வைத்தே ஓரளவு சொல்லிவிடலாம்.

மெனுப் பெயர்களை ஆங்கில அமைப்பில் உள்ளபடி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். போன் நிறுவனத்துக்கு நிறுவனம் ஓரிரு சொல் மாறும். தேடிக் கிடைக்காவிட்டால் 'செட்டிங்ஸ்' பக்கத்தின் உச்சியில் உள்ள தேடல் பெட்டியில் அந்தச் சொல்லைத் தட்டிப் பாருங்கள்.

அழிக்கத் தொடங்கும் முன்

சில செய்திகளை இடத்துக்காக அழிக்கவே கூடாது. பண மோசடி நடந்திருந்தால் அது தொடர்பான ஒவ்வொரு செய்தியும் சான்று. 1930 என்ற உதவி எண்ணில் புகார் கொடுக்கும்போது பணம் எடுக்கப்பட்ட நேரமும் பரிவர்த்தனை எண்ணும் அந்தச் செய்தியில்தான் இருக்கும். வீட்டு வாடகை, கடன், குடும்ப வழக்கு என்று ஏதாவது நிலுவையில் இருந்தால் வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எதையும் நீக்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தால் போதும் என்ற நம்பிக்கையில் மூலச் செய்தியை இழந்துவிட்டால் பிறகு திண்டாட வேண்டியிருக்கும்.

ஆண்ட்ராய்டில் 'எஸ்எம்எஸ் பேக்கப் அண்ட் ரெஸ்டோர்' என்ற ஆப் எல்லாக் குறுஞ்செய்திகளையும் ஒரே கோப்பாக எடுத்துத் தருகிறது. அந்தக் கோப்பைப் போனிலேயே வைத்துக்கொண்டால் பயனில்லை. கணினிக்கோ மின்னஞ்சலுக்கோ அனுப்பிவிடுங்கள். வங்கிச் செய்திகள் எல்லாம் அதற்குள் இருப்பதால் யாருக்கு, எங்கே அனுப்புகிறோம் என்பதிலும் கவனம் தேவை.

அறிகுறி: அழைப்பு வருகிறது, ஓடிபி வரவில்லை

அவசரமான அறிகுறி இதுதான். ரயில் டிக்கெட்டுக்கோ வங்கிப் பரிமாற்றத்துக்கோ காத்திருக்கும்போதுதான் இது தலைகாட்டும்.

குறுஞ்செய்தி அனுப்புபவரிடமிருந்து நேரே உங்கள் கைக்கு வருவதில்லை. தொலைபேசி நிறுவனத்தின் செய்தி மையத்தில் நின்றுதான் வருகிறது. போனில் இடம் அறவே தீர்ந்துவிட்டால், வந்த செய்தியை வாங்க மறுத்து 'நினைவகம் நிறைந்துவிட்டது' என்று போன் அந்த மையத்துக்குப் பதில் அனுப்பிவிடும். மையமும் அதைக் குறித்துவைத்துக்கொள்ளும். பிறகு இடம் ஒழிந்ததும் போனே மையத்துக்குத் தகவல் கொடுக்க, நிறுத்திவைக்கப்பட்டவை மறுபடியும் கிளம்பும். சிலருக்குப் போனைச் சுத்தம் செய்த அடுத்த நிமிடத்தில் பழைய ஓடிபிகள் வரிசையாக வந்து விழுவது இதனால்தான். அவை காலாவதியானவை. புதிதாக ஒன்று கேட்டு வாங்குங்கள்.

இந்த நேரத்தில் குறுஞ்செய்திகளை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருப்பது வீண். 'ஃபைல்ஸ்' ஆப்பைத் திறந்து 'டவுன்லோட்ஸ்' கோப்புறையை அளவு வாரியாக வரிசைப்படுத்துங்கள். உச்சியில் இருக்கும் ஒன்றிரண்டை நீக்கினாலே வேலை முடிந்துவிடும். யூடியூபிலோ திரைப்பட ஆப்களிலோ பிறகு பார்க்கலாம் என்று இறக்கி வைத்தவை இருந்தால் அவற்றை நீக்குங்கள். வேண்டும்போது மறுபடி இறக்கிக்கொள்ளலாம். குறைந்தது 1 ஜிபி ஒழிந்ததும் விமானப் பயன்முறையை இயக்கிச் சில விநாடி கழித்து அணையுங்கள். போன் நெட்வொர்க்கில் புதிதாகப் பதிவாகும்.

இடம் இருந்தும் ஓடிபி வரவில்லை என்றால் காரணம் வேறு. 'மெசேஜஸ்' ஆப்பில் 'ஸ்பேம் அண்ட் பிளாக்ட்' பகுதியைப் பாருங்கள். சில நேரம் வங்கிச் செய்தியும் அங்கே போய் ஒளிந்துகொள்ளும். சிம் கார்டை அண்மையில் மாற்றியிருந்தால் இந்தியாவில் முதல் 24 மணி நேரம் குறுஞ்செய்தி வசதி நிறுத்தி வைக்கப்படும். சிம் மோசடியைத் தடுக்கும் ஏற்பாடு அது. காத்திருப்பதைத் தவிர வழியில்லை. நீங்கள் சிம்மை மாற்றவே இல்லை, ஆனால் குறுஞ்செய்தியோடு அழைப்பும் சிக்னலும் சேர்ந்து திடீரென்று நின்றுவிட்டன என்றால் ஸ்டோரேஜை மறந்துவிட்டு, வேறொரு போனிலிருந்து உடனே தொலைபேசி நிறுவனத்தையும் வங்கியையும் கூப்பிடுங்கள்.

அறிகுறி: 'மெசேஜஸ்' ஆப் மட்டுமே பல நூறு எம்பி அல்லது ஜிபி காட்டுகிறது

ஆண்ட்ராய்டில் 'செட்டிங்ஸ்', 'ஆப்ஸ்', 'மெசேஜஸ்', 'ஸ்டோரேஜ்' என்று போனால் கேஷ் (ஆப் தற்காலிகமாகச் சேமித்துவைப்பது) எவ்வளவு, பயனர் தரவு எவ்வளவு என்று தனித்தனியாகத் தெரியும். கேஷ் பெரிதாக இருந்தால் 'கிளியர் கேஷ்' பொத்தானைப் பயமில்லாமல் அழுத்தலாம். செய்தி எதுவும் போகாது. அதன் அருகிலேயே இருக்கும் 'கிளியர் ஸ்டோரேஜ்' அல்லது 'கிளியர் டேட்டா' பொத்தான் அப்படிப்பட்டதல்ல. அதைத் தொடாதீர்கள்.

இன்னும் ஆபத்தான ஒன்று இருக்கிறது. ஆப் பட்டியலில் 'ஷோ சிஸ்டம்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் 'போன் அண்ட் மெசேஜிங் ஸ்டோரேஜ்' என்ற பெயரில் ஒன்று தென்படும். 'மறைந்திருக்கும் குப்பையை நீக்குங்கள்' என்று சொல்லும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு இதன் தரவை அழிப்பவர்கள் உண்டு. போனில் உள்ள குறுஞ்செய்திகள் முழுவதும் இருப்பது அங்கேதான். அழித்தால் அத்தனையும் ஒரே தட்டில் போய்விடும். காப்பு நகல் இல்லாவிட்டால் திரும்ப வராது.

பயனர் தரவு பெரிதாக இருக்கிறது என்றால் அதில் படங்களும் வீடியோக்களும் இருக்கின்றன என்று பொருள். கூகுள் மெசேஜஸ் ஆப்பில் ஆர்சிஎஸ் என்ற, இணையம் வழியே செய்தி அனுப்பும் வசதி இயங்கிக்கொண்டிருந்தால் சாதாரணக் குறுஞ்செய்தி அனுப்பும் அதே இடத்திலேயே பெரிய படங்களும் வந்து சேரும். யாரோடு அதிகம் படம் பரிமாறினீர்கள் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். அந்த உரையாடலைத் திறந்து, மூன்று புள்ளி மெனுவில் 'டீட்டெய்ல்ஸ்' பார்த்தால் பரிமாறிய படங்கள் கிடைக்கும். வேண்டியதைச் சேமித்துக்கொண்டு மற்றவற்றை உரையாடலில் நீண்டநேரம் அழுத்தித் தேர்ந்தெடுத்து நீக்குங்கள்.

ஐபோனில் இந்த வேலை எளிது. 'செட்டிங்ஸ்', 'ஜெனரல்', 'ஐபோன் ஸ்டோரேஜ்', 'மெசேஜஸ்' என்று போனால் படங்கள், வீடியோக்கள், ஜிஃப் படங்கள், அதிக இடம் பிடிக்கும் உரையாடல்கள் என்று பிரித்தே காட்டும். உரையாடலின் எழுத்துகளை அப்படியே வைத்துக்கொண்டு வீடியோக்களை மட்டும் இங்கிருந்து நீக்கிவிடலாம். பத்து ஆண்டுகளாக ஒரே ஆப்பிள் கணக்கை வைத்திருப்பவர்கள் இந்தப் பக்கத்தைத் திறந்தால் முதல் ஐந்து வீடியோக்களிலேயே தங்கள் பிரச்சினை தீர்வதைப் பார்க்கலாம்.

'கீப் மெசேஜஸ்' என்ற அமைப்பும் ஐபோனில் உண்டு. 30 நாள், 1 ஆண்டு, 'ஃபாரெவர்' என்று மூன்று தேர்வுகள். 30 நாள் என்று மாற்றினால் அதற்கு முந்தையவை, ஒட்டி வந்த படம், வீடியோக்களோடு சேர்ந்து போய்விடும். ஐகிளவுடில் செய்திகளை ஒத்திசைத்து வைத்திருந்தால் ஐபேடிலிருந்தும் போகும். மறைந்த ஒருவர் கடைசியாக அனுப்பிய செய்தி அதில் இருக்கிறதா என்று ஒருமுறை யோசித்துவிட்டு மாற்றுங்கள்.

அறிகுறி: அழித்தாயிற்று, ஆனால் இடம் திரும்பவில்லை

பெரும்பாலும் அவை அழியவே இல்லை. கூகுள் மெசேஜஸில் உரையாடலை விரலால் ஓரமாகத் தள்ளினால், நீங்கள் மாற்றி அமைக்காதவரை, அது நீக்கப்படுவதில்லை. 'ஆர்க்கைவ்' பகுதிக்குப் போகிறது. பட்டியல் காலியானது போலத் தெரியும், எல்லாம் உள்ளேயே இருக்கும். சுயவிவரப் படத்தைத் தட்டி 'ஆர்க்கைவ்ட்' என்பதைத் திறந்து பாருங்கள்.

ஐபோனில் ஐஓஎஸ் 16 முதல் நீக்கிய செய்திகள் 'ரீசன்ட்லி டெலீட்டட்' பகுதியில் 30 நாள், சில சமயம் 40 நாள் வரை கிடக்கும். அதுவரை இடமும் அவற்றிடமே இருக்கும். 'மெசேஜஸ்' பட்டியலின் மேலே உள்ள 'எடிட்' அல்லது 'ஃபில்டர்ஸ்' வழியாக அங்கே போய் மறுபடி ஒருமுறை நீக்க வேண்டும்.

படங்களுக்கும் இதே கதைதான். கூகுள் போட்டோஸில் நீக்கியவை, காப்பு எடுக்கப்பட்டிருந்தால் 60 நாளும் இல்லையென்றால் 30 நாளும் குப்பைத்தொட்டியில் இருக்கும். கேலரி ஆப், ஃபைல்ஸ் ஆப் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குப்பைத்தொட்டி உண்டு. எல்லாவற்றையும் காலி செய்தபின் போனை ஒருமுறை அணைத்து இயக்கிவிட்டு ஸ்டோரேஜ் கணக்கைப் பாருங்கள். பழைய எண்ணிக்கையே சில நேரம் திரையில் தங்கிவிடுவதுண்டு.

அறிகுறி: வாட்ஸ்அப் முதலிடத்தில் நிற்கிறது

நம் ஊர்ப் போன்களில் மெய்யான வியாதி பெரும்பாலும் இதுதான். குறுஞ்செய்தியைச் சந்தேகித்து வந்தவர்களில் பலர் கடைசியில் இங்கேதான் வந்து நிற்பார்கள்.

வாட்ஸ்அப்பில் 'செட்டிங்ஸ்', 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா', 'மேனேஜ் ஸ்டோரேஜ்' என்று போங்கள். மேலே இரண்டு பெட்டிகள் இருக்கும்: பலமுறை பகிரப்பட்டவை, 5 எம்பிக்கு மேற்பட்டவை. முதல் பெட்டியில் இருப்பதை ஒரு பார்வை பார்த்துவிட்டு மொத்தமாக நீக்கலாம். சூரியன், ரோஜாப்பூ, சாமி படம், 'இனிய காலை வணக்கம்' ஆகியவற்றைத் தவிர அதில் வேறு எதுவும் இருப்பது அபூர்வம். இரண்டாவது பெட்டியை அளவு வாரியாக வரிசைப்படுத்திக்கொண்டு பொறுமையாகப் பார்க்க வேண்டும். என் அம்மாவின் போனில் அந்தப் பட்டியலின் உச்சியில் இருந்தது ஒரு கிரகப்பிரவேச வீடியோ. எடுத்தவர் நிறுத்த மறந்துவிட்டுப் போனைக் கையில் தொங்கவிட்டபடி நடந்திருக்கிறார். பாதி வீடியோவில் வேட்டிக் கரையும் தரையும் செருப்புகளும்தான் தெரிகின்றன. குரல் மட்டும் கேட்கிறது: "காபி குடிச்சீங்களா?" அதே வீட்டின் நல்ல படங்கள் பக்கத்திலேயே இருந்ததால் அதை நீக்குவதில் யாருக்கும் வருத்தமில்லை.

பெட்டிகளுக்குக் கீழே உரையாடல்கள், அதிக இடம் பிடிப்பது முதலில் வரும்படி வரிசையாக இருக்கும். பள்ளித் தோழர்கள் குழு, அடுக்குமாடிக் குடியிருப்போர் குழு, உறவினர் குழு ஆகியவை முன்வரிசையில் நிற்கும். ஒரு குழுவை மொத்தமாகத் துடைக்க நினைத்தால் முதலில் வேண்டிய செய்திகளுக்கு நட்சத்திரக் குறி போடுங்கள். பிறகு 'கிளியர் சாட்' கொடுக்கும்போது நட்சத்திரமிட்டவற்றையும் நீக்கவா என்று கேட்கும் இடத்தில் குறியை எடுத்துவிட்டால் அவை தங்கும். கேலரியில் உள்ள படங்களையும் சேர்த்து நீக்கவா என்ற கேள்வியும் அங்கேயே வரும். அதில் குறி இல்லாவிட்டால் உரையாடல் காலியாகும், படங்கள் போனிலேயே கிடக்கும். 'எல்லாவற்றையும் அழித்தேன், ஒன்றும் ஆகவில்லை' என்று சொல்பவர்களில் ஒரு பகுதியினர் இங்கே சறுக்கியவர்கள்.

அடுத்து, ஆண்ட்ராய்டில் மட்டும் இருக்கும் இரண்டு மறைவிடங்கள். ஃபைல்ஸ் ஆப்பில் 'ஆண்ட்ராய்டு', 'மீடியா' கோப்புறைகளின் வழியே வாட்ஸ்அப் கோப்புறைக்குள் போனால் 'மீடியா' என்றும் 'டேட்டாபேசஸ்' என்றும் இரண்டைக் காணலாம். கேலரியிலிருந்து ஒரு படத்தை அனுப்பும்போது வாட்ஸ்அப் அதன் சுருக்கிய நகலைச் செய்து 'மீடியா'வுக்குள் உள்ள 'சென்ட்' கோப்புறையில் வைக்கிறது. மூலப்படம் கேலரியில் இருப்பதால் இந்த நகல்கள் பெரும்பாலும் வீண் சுமை. மூலம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நீக்கலாம். 'டேட்டாபேசஸ்' கோப்புறையில் உரையாடல்களின் காப்பு நகல்கள் இருக்கும். நள்ளிரவு தாண்டி 2 மணிவாக்கில் வாட்ஸ்அப் தினமும் ஒன்று எடுத்து, கடைசிச் சில நாள்களுடையதை வைத்துக்கொள்கிறது. ஆண்டுக்கணக்கில் ஓயாமல் எழுதும் ஒருவருக்கு ஒவ்வொரு நகலும் பல நூறு எம்பி வரக்கூடும். பெயரில் தேதி உள்ளவை பழையவை, அவற்றை நீக்கலாம். தேதி இல்லாதது நடப்பு நகல், அதில் கைவைக்காதீர்கள்.

'மீடியா விசிபிலிட்டி' என்பதை அணைத்தால் இடம் மிச்சமாகும் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. ஆகாது. படம் கேலரியில் தெரியாது, அவ்வளவுதான். இடத்தைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கும். உண்மையில் மாற்ற வேண்டியது அதே 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா' பக்கத்தில் உள்ள 'மீடியா ஆட்டோ டவுன்லோட்'. மொபைல் டேட்டா, வைஃபை இரண்டிலும் வீடியோவுக்கான குறியை எடுத்துவிடுங்கள். அதன்பிறகு நீங்கள் தொட்ட வீடியோ மட்டுமே இறங்கும். அரட்டை மட்டும் நடக்கும் குழுக்களில், செய்திகள் தானாக நீங்கும் 'மறையும் செய்திகள்' வசதியை 90 நாளுக்கு வைக்கலாம். குடியிருப்போர் குழுவில் பராமரிப்புக் கட்டண ரசீதுகள் வருமென்றால் வேண்டாம்.

'கூகுள் கணக்கில் இடம் இல்லை' என்ற அறிவிப்பு வேறு வகை. வாட்ஸ்அப்பின் ஆண்ட்ராய்டு காப்பு நகல் இப்போது கூகுள் கணக்கின் இலவச 15 ஜிபியில் சேர்த்துக் கணக்கிடப்படுகிறது. போனில் எவ்வளவு நீக்கினாலும் அந்த அறிவிப்பு உடனே போகாது. 'சாட் பேக்கப்' பக்கத்தில் 'இன்க்லூட் வீடியோஸ்' என்பதை அணைத்துவிட்டுப் புதிதாக ஒரு காப்பு எடுங்கள்.

டெலிகிராம் பயன்படுத்துபவர்களுக்குக் கவலை குறைவு. அங்கே படங்களும் வீடியோக்களும் நிறுவனத்தின் சர்வரில் இருப்பதால் 'ஸ்டோரேஜ் யூசேஜ்' பக்கத்தில் கேஷை மொத்தமாக நீக்கினாலும் தேவைப்படும்போது மறுபடி இறக்கிக்கொள்ளலாம்.

அறிகுறி: இடம் தாராளமாக இருக்கிறது, ஆனால் மெசேஜ் ஆப் திணறுகிறது

தேடினால் உறைகிறது, பட்டியலை நகர்த்தினால் விக்குகிறது என்றால் அங்கே எண்ணிக்கைதான் பிரச்சினை. குறுஞ்செய்திகளை மொத்தமாக அழிப்பதில் இங்கே பலன் உண்டு.

ஓடிபியிலிருந்து தொடங்குங்கள். கூகுள் மெசேஜஸ் அமைப்புகளில் 'மெசேஜ் ஆர்கனைசேஷன்' என்ற பகுதியில் ஓடிபிகளை 24 மணி நேரத்துக்குப் பின் தானாக நீக்கும் வசதி இருக்கிறது. 2021-இல் இந்தியப் பயனர்களுக்கு வந்தது. ஐபோனில் ஐஓஎஸ் 18 முதல் 'ஜெனரல்', 'ஆட்டோஃபில் அண்ட் பாஸ்வேர்ட்ஸ்' பக்கத்தில் 'டெலீட் ஆஃப்டர் யூஸ்' என்பதை இயக்கலாம். தானாக நிரப்பப்பட்ட குறியீடுகளுக்கு மட்டுமே அது பொருந்தும்.

விளம்பரங்களை இனம் காண இப்போது எளிய வழி உண்டு. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2025-இல் கொண்டுவந்த திருத்தத்தின்படி நிறுவனங்கள் அனுப்பும் செய்திகளில் அனுப்புநர் பெயரின் கடைசியில் ஓர் ஆங்கில எழுத்து ஒட்டியிருக்கும். 'பி' விளம்பரம், 'எஸ்' சேவை, 'டி' பரிவர்த்தனை, 'ஜி' அரசு. 'பி' என்று முடிபவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு நீக்கலாம். மேற்கொண்டு வராமல் இருக்க 1909 என்ற எண்ணில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

அறிகுறி: 'சிம் கார்டு நிறைந்துவிட்டது'

போனில் 50 ஜிபி காலியாக இருந்தாலும் இந்த அறிவிப்பு வரும். சிம் கார்டுக்குள் சில பத்துச் செய்திகளை மட்டுமே வைக்கக்கூடிய ஒரு சிறிய இடம் உண்டு. பழைய போனில் எப்போதோ சேமித்தவை அதில் தங்கியிருக்கும். மெசேஜ் ஆப்பின் அமைப்புகளில் சிம் கார்டுச் செய்திகள் என்ற பிரிவைத் திறந்து அங்கே உள்ளதை நீக்கினால் போதும். சாம்சங் போன்களில் 'மோர் செட்டிங்ஸ்' பகுதிக்குள் இது இருக்கும்.

அறிகுறி: பட்டன் போனில் கடித உறை மினுமினுக்கிறது

வீட்டில் பெரியவர்கள் வைத்திருக்கும் பட்டன் போனில் திரையின் மேலே உறைக்குறி அணைந்து அணைந்து எரிந்தால் செய்திப்பெட்டி நிறைந்துவிட்டது என்று பொருள். இடம் ஒழியும்வரை புதிய செய்தி எதுவும் உள்ளே வராது. ஓய்வூதியம் வரவு வைத்த தகவலும் வெளியே நிற்கும். 'மெனு', 'மெசேஜஸ்', 'டெலீட் மெசேஜஸ்' என்று போய் இன்பாக்ஸில் படித்தவற்றை மொத்தமாக நீக்குங்கள். 'அவுட்பாக்ஸ்', 'சென்ட்', 'டிராஃப்ட்ஸ்' ஆகியவற்றையும் விட்டுவிடாதீர்கள். பல மாடல்களில் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே இடம்தான். செய்திகளைச் சேமிக்கும் இடம் சிம் என்று இருந்தால் போன் என்று மாற்றிவிடுங்கள். படிக்காத செய்திகள் இருந்தால் நீக்கும் முன் அவற்றை அவர்களுக்குப் படித்துக் காட்டிவிடுங்கள். அதில் ரேஷன் கடைத் தகவலும் இருக்கலாம், பேரனின் பிறந்தநாள் வாழ்த்தும் இருக்கலாம்.